அப்பா பக்கத்து சீட்

சமையலறை விளக்கடியில் லாரி லைசென்ஸ் புத்தகம் விரிந்து கிடக்கிறது. அண்ணன் வேட் பென்சிலைக் கடிக்கிறான். நாளைக்குப் பரீட்சையில் தேறிவிட்டால், கோடை முழுக்க லாரித் தொழில் பழக, அப்பா பக்கத்து சீட் அவனுக்கு. போன வருஷம் அது என்னுடையது. "அறுபதடி லாரி, அம்பது மைல் வேகம். முன்னாடி வண்டிக்கும் உனக்கும் எத்தன செகண்டு இடைவெளி?" என்கிறார் அப்பா. "ஆறு?" "போச்சு! முன்னாடி போறவன் டிக்கியிலதான்டா போய் உக்காருவ." இருவரும் சிரிக்கிறார்கள். வேட் என் பக்கம் திரும்புகிறான். "நீ சொல்லுடீ டெஸ், உனக்குத் தெரியுமே." "தெரியாது," என்கிறேன். அப்பாவின் சிரிப்பு நிற்கிறது. என்னையே பார்க்கிறார். நெப்ராஸ்கா சாலை நெடுக, முன்னால் போகும் வண்டி ஒவ்வொரு பாலத்தையும் தாண்டியதும், எங்கள் லாரி அங்கே வருமுன் அவருக்காக ஏழு வரை உரக்க எண்ணியவள் நான்.