தெருமுனைச் சத்தம்

"வண்டி வந்துடுச்சுக்கா, வெச்சிடறேன்."

அக்காவின் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

போனில் அந்த அழைப்பை அழித்தாள். துணிப்பையைக் காஸ் சிலிண்டருக்குப் பின்னால் தள்ளினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்தாள்.

கேட் கிறீச்சிட்டபோது அவள் கையில் கரண்டி இருந்தது.

அவனுடைய பழைய டீசல் வண்டி பிள்ளையார் கோயில் வளைவில் திரும்பினாலே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும். அந்தச் சத்தத்துக்கும் கேட் திறப்பதற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் உண்டு.

அந்த நேரம்தான் அவளுடையது.

"உன் வூட்டுக்காரர் வண்டி உறுமுனாத்தான் நான் உலையே வெக்கறேன்" என்று பக்கத்து வீட்டு மரகதக்கா மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று சிரிப்பாள்.

அவளும் சிரிப்பாள். இடது கன்னத்தை மட்டும் அந்தப் பக்கம் காட்டாமல்.

அவன் உள்ளே வந்தான். சாவியை மேஜையில் வீசினான்.

"இன்னைக்கும் இல்லையாம்."

மின்சாரக் கார். இந்தா வருது, அந்தா வருது என்று மாதங்கள் ஓடிவிட்டன. போர்டிகோச் சுவரில் சார்ஜர் பெட்டி மட்டும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு பச்சை விளக்கு. வயரை வண்டியில் செருகினால் நீலமாகும் என்று மாட்டிவிட்டுப் போன எலெக்ட்ரீஷியன் சொன்னார். சமையலறை ஜன்னலில் நின்றால் அந்தப் பச்சை நேராகக் கண்ணில் படும்.

டெஸ்ட் டிரைவ் போன அன்று அவள் பின் சீட்டில் இருந்தாள். அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சொன்னான்.

"பாத்தியா? சத்தம்னு ஒண்ணு இல்லவே இல்ல. பூனையாட்டம் வந்து நிக்கும்."

சொல்லி முடித்த பிறகும் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இப்போது ஷோரூமுக்கு அழைத்து ஸ்பீக்கரைப் போட்டான்.

"ஏம்மா பிரதீபா, ஏமாத்தறதுக்கு நான்தான் கெடச்சனா? எப்பக் கேட்டாலும் கம்பெனி லேட்டு, கம்பெனி லேட்டு. கம்பெனி நடத்தறாங்களா, மாடு மேய்க்கறாங்களா?"

"சாரிங்க சார். வண்டி ரெடியாத்தான்..."

அந்தப் பெண்ணின் குரல் சட்டென்று நின்றது.

சமையலறையில் கரண்டியும் நின்றது.

"என்ன ரெடி?"

"ரெடியானதும் நானே கூப்படறேன்னு சொல்ல வந்தனுங்க சார்."

தோசை கருகியது. அவள் திருப்பிப் போடவில்லை. சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. அந்தப் பக்கம் மட்டும் பார்த்துவிடக் கூடாது என்று கருகும் தோசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கத்தினான். போனைச் சோபாவில் எறிந்தான்.

அதில் அவளுக்குப் பயமில்லை. கத்தும்போது அவன் கை ஓங்குவதில்லை. குரல் இறங்கினால்தான்.

சமையலறை வாசலுக்கு வந்தான். தோசையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நாளைக்கு நானே நேர்ல போறேன்" என்றான், மெதுவாக.

மறுநாள் சாயங்காலம்.

"ரூம் பாத்தாச்சு. பனியன் கம்பெனியில சொல்லியும் வெச்சாச்சு" என்றாள் அக்கா, திருப்பூரிலிருந்து. "காலைல அவன் கெளம்புனதும் நான் வந்து நிப்பேன். இன்னும் ஒரே ஒரு ராத்திரி பல்லக் கடிச்சுக்க."

"ம்."

"சர்டிபிகேட் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

துணிப்பையின் அடியில், சேலைகளுக்குக் கீழே அதைச் சொருகினாள். ஒரு காது போனில். இன்னொரு காது பிள்ளையார் கோயில் வளைவில்.

ஒரு லாரி மற்றச் சத்தத்தையெல்லாம் அமுக்கிக்கொண்டு போனது.

பால்காரரின் மொபெட் போனது.

டீசல் இன்னும் வரவில்லை.

இன்னும் நேரமிருக்கிறது. பையின் வாயை இழுத்துக் கட்டினாள். நிமிர்ந்தபோது ஜன்னல் எதிரே வந்தது.

விளக்கு நீலமாக இருந்தது.

அப்புறம்தான் சம்பங்கி வாசனை. புது வண்டிக்குப் போடும் மாலையின் ஈர வாசனை, முதுகுக்கு மிக அருகில்.

திரும்பினாள்.

வாசல் நிலையில் சாய்ந்து அவன் நின்றுகொண்டிருந்தான். சட்டைத் தோளில் இரண்டு மூன்று இதழ்கள். விரலில் சிவப்பு ரிப்பன் கட்டிய புதுச் சாவி. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

பையைப் பார்த்தான். அவசரமே இல்லாமல் அவளைக் கடந்து போய், காலண்டரின் மேல் விரலை வைத்தான்.

"வண்டி எப்பவோ வந்துடுச்சாமா." குரல் தாழ்ந்திருந்தது. "ஒருக்கா அஷ்டமி. ஒருக்கா கரிநாள். போன வாரம் எனக்குச் சந்திராஷ்டமம். 'மேடந்தான் நாள் நல்லால்லைன்னு தள்ளிப்போடச் சொன்னாங்க, உங்ககிட்ட கம்பெனி லேட்டுன்னே சொல்லச் சொன்னாங்க'ன்னு அந்தப் புள்ள அழுகுது."

இன்றைய தாளை ஓரம் பிசகாமல் கிழித்தான். அவள் முன்னால் நீட்டினான்.

"ஏங்கண்ணு, இன்னைக்கு நாள் எப்படி?"

போன் இன்னும் அவள் காதில்தான் இருந்தது.

"யாரு பாப்பா அது?" என்றாள் அக்கா. "வண்டிச் சத்தமே கேக்கலையே?"