ஆறாவது பெட்டியில் பெய்த மழை

ஆறாவது பெட்டியில் மட்டும் மழை மந்தமாகப் பெய்தது.

அவள் நடுவில் நின்று மறுபடி கேட்டாள்.

மூடிப்போன பஞ்சாலையின் காலிக் கூடம். வட்டமாக எட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள். நடுவில் வந்து நிற்பவரைச் சுற்றி மழை பெய்ய வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலே ஆட்கள் தலையைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் அவள் ஆசை.

நாளை காலை பார்வையாளர்களுக்குத் திறப்பு.

ஏழு பெட்டிகளில் மழை பளிச்சென்று விழுந்தது. பின்னால், இடப்பக்கம், ஆறாவதில் மட்டும் ஏதோ ஈரத் துணியில் விழுவது போல.

"பொட்டி கோளாறாட்ட இருக்குதுங்க அம்மணி," என்றார் மருதாசலம். ஒயர் வேலைக்கு வந்தவர்.

ஆறாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றினார்கள்.

பெட்டி நகர்ந்தது. மந்தம் நகரவில்லை. அதே மூலையில் நின்றது.

அப்படியென்றால் கோளாறு பதிவில்.

வேறொரு மழையைப் போட்டாள். வால்பாறை. அதே மூலை. தாராபுரம். அதே மூலை. ஏழு ஊர்களில் மைக்கில் பிடித்த ஏழு மழைகள். ஏழிலும் அதே மூலை.

"எல்லாம் வேற வேற மழைதானுங்களே?"

வேறு வேறு மழைதான்.

ஆள் ஒருவன்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மழையைப் பதிவு செய்யும்போது காற்றில் மைக் ஸ்டாண்டு சாய்ந்துவிடும். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் காருக்குள் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷன் வெளியே நிற்பான். குடை கூடாது, படபடக்கும். ரெயின்கோட் கூடாது, சரசரக்கும். எங்கே நிற்பது என்பதும் அவள் உத்தரவுதான். பின்னால, இடது பக்கமா நில்லுங்க. மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது.

அந்த மகராசன் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். முடியாதபோது முகத்தைத் திருப்பி, களவாடுகிறவன் மாதிரி கொஞ்சம் இழுத்துக்கொள்வான்.

அவள் கை காட்டியதும் ஒரு பெருமூச்சு. பிறகு ஒரு கேள்வி.

"முடிஞ்சுதா?"

ஒவ்வொரு முறையும் கேட்டான். ஒவ்வொரு முறையும் பதிவிலிருந்து அதை வெட்டி எறிந்தாள். வெட்டாத மூலப் பதிவுகளையும் இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டாள். பெரிய சுத்தக்காரி.

அவன் செத்து இரண்டு வருடம். அந்த ஒரு சொல்லுக்காக அவள் கிளறாத கணினி இல்லை, பழைய கார்டு இல்லை. நாலு பேர் சொல்லும் பாம்புச் செவி. அவன் சட்டைமேல் பெய்த மழை அதற்கு இத்தனை நாளும் கேட்கவில்லை.

"சரி பண்ணிரலாமுங்க," என்றார் மருதாசலம். "அந்த மூலைக்கு மட்டும் கொஞ்சம் சத்தத்தைத் தூக்கிக் குடுத்தா மத்ததாட்டவே ஆயிரும்."

ஆகிவிடும். ஒரு குமிழைத் திருகினால் போதும். அங்கே யாரும் நின்றிருக்கவே மாட்டார்கள்.

"வேண்டாங்ண்ணா. அப்படியே இருக்கட்டும்."

வால்பாறை மழையைத் திரும்பப் போட்டாள். முதல் பெட்டியை அடக்கினாள். இரண்டாவதை. மூன்றாவதை. கூடத்தில் மழை ஒவ்வொரு பக்கமாக விட்டது.

கடைசியில் அவன்மேல் மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அந்த மூலைக்குப் போனாள். தோளுக்குத் தோள் நிற்கும் தூரத்தில் நின்றாள். எவ்வளவு நேரம் நனைய விட்டிருக்கிறேன் இவனை என்று நினைத்தாள். 

மழை சட்டென்று அறுந்தது. அவள் வெட்டிய இடம்.

"முடிஞ்சுதுங்க," என்றாள்.

தன்னிடம்தான் சொல்கிறாள் என்று மருதாசலம் மிச்ச ஒயரைச் சுருட்டக் குனிந்தார்.

"மூச்சு விடுங்க."