படம் முடிந்ததும்

"கட்டைய எடுத்துட்டுக் கதவச் சாத்து புள்ள. நான் உள்ள சத்தம் வெக்கறேன். வெளிய கேக்குதான்னு பாத்துச் சொல்லு."

கோகிலவாணி குனிந்து, கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருந்த கட்டையை உருவினாள். நாலு விரல் கனமுள்ள கதவு தானாக நகர்ந்து வந்து, சத்தமே இல்லாமல் பொருந்திக்கொண்டது.

உள்ளே சண்முகவேல். வெளியே அவள்.

வீட்டுக்கு அடியில் பள்ளம் பறித்துக் கட்டிய தியேட்டர் அது. எட்டு சாய்வு நாற்காலிகள், சுவர் அகலத்துக்குத் திரை. ஏழு போர்வெல் லாரி வைத்திருக்கிற சண்முகவேல் வீட்டில் இதுகூட இல்லையென்றால் திருச்செங்கோட்டில் நாலு பேர் எப்படி மதிப்பார்கள்?

சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர்ச் சட்டங்களில் பஞ்சை அடைத்து, மேலே துணி போர்த்தித் தைப்பது கோகிலவாணியின் வேலை. பத்து நாளாகச் செய்கிறாள்.

கதவுக்கு உள்பக்கக் கைப்பிடியை நாளைக்குத்தான் மாட்டுவார்கள். அதுவரை அந்தக் கட்டையை எடுத்தால் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது என்று காண்ட்ராக்டர் முருகானந்தம் எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சண்முகவேலிடமும்தான். வேலை செய்கிறவர்கள் சொன்னது அவர் காதில் என்றைக்கு ஏறியது?

மேலே வீட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. சண்முகவேலைத் தவிர எல்லோரும் ஓமலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மற்ற வேலையாட்களும் இன்றைக்கு வரவில்லை. திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். காரில் ஏறும்போது வீட்டுக்காரம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று கோகிலவாணியின் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

அந்த அம்மாவுக்கு அந்த நம்பர் ஞாபகம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மத்தியப் பிரதேசத்தில் ஒரு சோளக்காட்டில், சண்முகவேலின் லாரியில் வேலை பார்த்த மாரியப்பனின் காலில் இரும்புக் குழாய் விழுந்தது. மாரியப்பன் கோகிலவாணியின் புருஷன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அங்கே இருந்ததெல்லாம் சண்முகவேலின் வண்டிதான். ஓனர் சொல்லாமல் வேலையை நிறுத்திவிட்டு வண்டியை எடுக்க மேனேஜருக்குத் தைரியம் இல்லை. ஓனரோ போனை எடுக்கவில்லை.

விஷயம் தெரிந்து கோகிலவாணி அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். கால் போய்விடுமென்று அழுதாள்.

"அவரு படம் பாத்துட்டிருக்கறாரு. முடிஞ்சு வந்ததும் சொல்றேன்" என்றாள் வீட்டுக்காரம்மா.

மூன்று மணி நேரப் படம். அத்தனை நேரமும் மாரியப்பன் சோளத்தட்டின் மேல் கிடந்தான். இன்றைக்கு அவனுக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

சண்முகவேல் வீட்டு வேலை என்று முருகானந்தம் சொன்னதும் மறுபேச்சில்லாமல் அவள் ஒத்துக்கொண்டது அதனால்தான். அந்த முகத்தை ஒருதடவை பக்கத்தில் பார்க்க வேண்டும். பத்து நாளாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

இப்போது கட்டை அவள் கையில் இருக்கிறது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். தெரியட்டும். மூன்று மணி நேரம் கதவைத் தட்டட்டும், தொண்டை வறளக் கத்தட்டும்.

படியில் உட்கார்ந்தாள். கதவில் காதை வைத்தாள். முனகல்கூட இல்லை. அவள் கையால் அடைத்த பஞ்சு, லேசில் விட்டுவிடுமா?

பாழாய்ப்போன மனசு, பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மாரியப்பனுக்கு வந்தது பகையாளிக்கும் வரக் கூடாது என்று அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். உள்ளே அந்த மனுஷன் வேர்த்து விறுவிறுத்து, கதவில் முட்டிக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்தது. எழுந்து திறந்தாள். கதவு சிக்கிக்கொண்டது என்று சொல்ல ஒரு பொய்யையும் தயாராக வைத்திருந்தாள்.

சண்முகவேல் நாற்காலியில் மல்லாந்திருந்தார். மடியில் மசாலாக் கடலை. திரையில் கார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. நீட்டிப் போட்டிருந்த இரண்டு கால்களையும் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்திருக்கவே இல்லை. கதவுப் பக்கம் வரவே இல்லை.

"கேக்கலைங்க" என்றாள்.

"என்னது?"

அவளை எதற்காக வெளியே நிறுத்தினோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"சத்தமுங்க. வெளிய துளிகூடக் கேக்கலைங்க."

"செரி செரி. கதவச் சாத்திட்டு நீ ஊட்டுக்குப் போ. படம் ஓடறப்பத் தொறக்காத."

அவள் அந்த இரண்டு கால்களையும் இன்னொரு தடவை பார்த்தாள்.

முதலாளி சொல்லைத் தட்டலாமா? சாத்தினாள். இந்தத் தடவை கதவில் காதை வைக்கவில்லை.

ஏசி ஓடுகிறது, மூச்சுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் பாட்டிலும் இருக்கிறது, மாரியப்பனுக்கு அதுகூட இல்லை. போன்தான் அங்கே எடுக்காது. பள்ளத்துக்குள் டவர் எப்படிக் கிடைக்கும்? சாயங்காலம் கல்யாணத்துக்குப் போனவர்கள் வந்து வெளியிலிருந்து திறந்தால் திறந்துவிடும். அதுவரை காலை ஆட்டட்டும்.

கட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறினாள்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றபோது போன் அடித்தது. பின்னால் நாதஸ்வரச் சத்தம்.

"ஏம்புள்ள, அவுரு போனையே எடுக்க மாட்டேங்கறாரு. எல்லாரும் கேக்கறாங்க. என்ன பண்றாரு?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே குரல். கோகிலவாணி அவசரப்படவில்லை.

"படம் பாத்துட்டிருக்கறாருங்க. முடிஞ்சு வந்ததும் சொல்றனுங்க."