திட்டாத மாமியார்

"நாம தனி வீடு பாத்துக்கிட்டுப் போயிடலாம்," என்றாள் மனைவி, ஈரத் துணியைப் பிழிந்தபடி.

கணவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி நாலைந்து மாதம்தான் ஆகிறது.

"ஏன், அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலை. அதான் பிரச்சினை."

அவன் திருதிருவென்று விழித்தான். மருமகளை ஒரு வார்த்தை சொல்லாத மாமியார் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்தும் தனிக்குடித்தனம் கேட்கிறாளே, இதை வெளியில் சொன்னால் கொழுப்பு என்பார்கள்.

நடந்தது இதுதான். காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. திருகிப் பார்த்தவள் அப்படியே விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிட்டாள். பிறகு தண்ணீர் வந்து, சமையலறை நிரம்பி, கூடத்தைத் தாண்டி, மாமியார் தூங்கிக்கொண்டிருந்த அறைக்குள்ளும் புகுந்துவிட்டது. சாயங்காலம் இவள் வந்தபோது மாமியாரின் செருப்பு கூடத்தில் மிதந்துகொண்டிருந்தது.

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றாள். மாமியார் காதோடு பேசுகிற குரலில் சொன்னது இவ்வளவுதான்: "பரவாயில்லைம்மா. நீ உக்காரு. தண்ணி குடிக்கிறியா?"

"பாத்தியா, தங்கமா வெச்சிருக்காங்க உன்னை," என்றான் கணவன்.

"தங்கத்தைப் பீரோவுலதாங்க பூட்டி வெப்பாங்க. புழங்குற பாத்திரத்தைத்தான் நாலு தட்டு தட்டுவாங்க. எனக்குப் பாத்திரமா இருந்தாப் போதும்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் பிறந்த வீட்டில் மாடியில் குடித்தனம், கீழே அச்சகம். பொழுது விடிந்தால் இயந்திரம் தடதடக்க ஆரம்பித்துவிடும். சாப்பிட வா என்பதைக்கூட அடிவயிற்றிலிருந்து கத்தினால்தான் காதில் விழும். கத்திக் கத்தியே பழகியதில் பாசமும் அங்கே திட்டாகத்தான் வெளியே வரும். பெற்ற தாய் அவளை எருமை என்று கூப்பிடாத நாளே கிடையாது. 'உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா' என்கிற மெத்தென்ற குரல், வேலை முடிந்ததும் எழுந்து போய்விடுகிற வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.

அவன் வளர்ந்த வீடு நேர்மாறு. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிரந்தர ராத்திரி டியூட்டி, தூக்கமெல்லாம் பகலில்தான். அதனால் வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்றே பேசி வளர்ந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அம்மாவுக்குப் பகல் தூக்கமும் போகவில்லை, குரலும் ஏறவில்லை. அங்கே யாருக்காவது கோபம் வந்தால் கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்துவார்கள். அவ்வளவுதான் சண்டை.

"இன்னமும் விருந்தாளியாவே இருக்கேன். எப்பக் கிளம்பச் சொல்வாங்களோன்னு இருக்கு," என்றபோது அவள் குரல் உடைந்தது. கேட்கவே அவனுக்குப் பாவமாக இருந்தது.

மென்று விழுங்கி, அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். குழாய் முதல் எருமை வரை ஒன்று விடாமல் சொன்னான். அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

கொஞ்சம்கூடச் சத்தம் வரவில்லை.

அதற்கப்புறம் அம்மா அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தார். இவன் தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். சித்தியிடம் மருமகளைப் பற்றிக் கொட்டித் தீர்க்கிறார் என்று இவனாகவே முடிவு செய்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது.

"ஏண்டி எருமை, பாலை வெச்சுட்டு அங்க என்னடி பராக்குப் பாக்குற? கண்ணு எங்க இருக்கு, பொடனியிலயா?"

வீடே அதிர்ந்தது. அந்தச் சுவர்கள் இதற்கு முன் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. படித்துக்கொண்டிருந்த பேப்பர் கணவனின் கையிலிருந்து நழுவியது.

 மருமகள் இடுப்பில் கையை வைத்தாள்.

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? அணைச்சா கை தேஞ்சு போயிடுமா?"

மாமியார் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, "எருமை," என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் அறைக்குள் போய்விட்டார்.

முடிந்தது கதை என்று நினைத்தான் அவன். வாடகைக்கு வீடு தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதைச் சொல்லலாம் என்று தயங்கித் தயங்கிச் சமையலறைக்குப் போனால், மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வீடு பாக்க வேணாங்க."

"ஏன்?"

"என் வீட்டை விட்டுட்டு நான் எதுக்குப் போகணும்?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவையாவது சமாதானப்படுத்துவோம் என்று ஓடினான். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையால் தொண்டையைத் தடவிக்கொண்டே, போனில் தன் பழைய குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க போன்ல சொல்லிக் குடுத்த மாதிரியே திட்டிட்டேன் சம்பந்தி. வேற சாக்கு கிடைக்கலை, அவ திரும்பின நேரம் பாத்து அடுப்பை நான்தான் கூட்டி வெச்சேன். கதவிடுக்குல பாத்தேன், உங்க பொண்ணு முகத்துல அப்படி ஒரு சிரிப்பு... நாளைக்கு எதுக்குத் திட்டட்டும்?"