நாலாவது ஆள்

"பிரஷ்ஷை எடுத்து வச்சியாக்கா? போன தடவை மறந்துட்டே."

"வச்சேன்டி. சீப்பு, துண்டு, தலையணை எல்லாம் பையில ஏறியாச்சு. இனி நான் ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. "வீட்டு ஓனர் போன் பண்ணிட்டார். எப்ப வேணா வருவார். அவர் போனதும் கூப்பிடறேன். உன்னைத் துரத்தற மாதிரி இருக்குக்கா."

"அட போடி. ஏரிக்காத்து வாங்க ஊரெல்லாம் காசு செலவழிச்சு வருது. எனக்குச் சும்மா கிடைக்குது."

அக்கா பையோடு படி இறங்கினாள். புருஷனை விட்டு வந்து தங்கையிடம் ஒண்டிக்கொண்டவள் அவள். பக்கத்து விடுதியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலையும் கிடைத்திருந்தது. ஆனால் அந்த மாடி வீடு தங்கை, அவள் கணவன், பிள்ளை என்று மூன்று பேருக்குத்தான் என்று பேச்சு. நாலாவதாக ஒரு தலை தெரிந்தால் உடனே காலி செய்ய வேண்டும். அதனால் ஓனர் பார்க்க வருகிற நாளெல்லாம் அக்காவுக்கு ஏரிக்கரை பெஞ்சுதான்.

பெஞ்சில் குடைக்காரர் இருந்தார். பெயர் கேட்டதில்லை; கையில் எப்போதும் குடை இருப்பதால் அவளுக்கு அவர் குடைக்காரர். முதல் தடவை மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவரை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் யாரோ என்று நினைத்து மனசிலிருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். எதிரே தெரிந்த நீலக் கதவு மாடியைக்கூடக் காட்டினாள். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அவர் அங்கேதான். தினமும் இப்படித்தான் பொழுதைத் தள்ளுகிறார் போல என்று எண்ணிக்கொண்டாள்.

"வாம்மா. இன்னைக்கும் சோதனையா?"

"ஆமா பெரியவரே. வர்றேன் வர்றேன்னு போன் பண்றாரே ஒழிய, மனுஷன் ஒரு நாளும் படியேறலை. வந்து தொலைச்சாலாவது நிம்மதி."

"முட்டி வலியா இருக்கும்."

"முட்டி வலிக்காரருக்கு எதுக்கு இந்த அதிகாரம்? கூட ஒரு ஆள் குளிச்சா ஏரி வத்திடுமா?"

"வத்தாதுதான்," என்றார் குடைக்காரர், தண்ணீரைப் பார்த்தபடி.

அக்கா பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "இதுதான் கடைசி. திரும்பிப் போயிடலாம்னு இருக்கேன்."

"எங்கே, அந்த ஆள்கிட்டேயா? கையை முறுக்கினான்னு சொன்னியே."

"இங்கே மட்டும் என்ன வாழுது? காலையில பிள்ளை கேக்குது, 'பெரியம்மா, யாராவது கேட்டா நீ இல்லவே இல்லைன்னு சொல்லணுமா'ன்னு. அதுக்கு நான் பொய் சொல்லக் கத்துக்குடுக்கறேன். என்னால என் தங்கச்சி தெருவுக்கு வந்தா நான் தாங்க மாட்டேன்."

"சம்பளம் கொஞ்சம் சேரட்டும். தனியா ஒரு ரூம் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் எங்கேயும் போயிடாதே."

"அதுவரைக்கும் அந்த மனுஷன் மேலே வராம இருக்கணுமே."

"வரமாட்டார்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எழுதியா குடுத்தார்?"

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர், காது மந்தமானவர்கள் பேசுவது போலச் சத்தமாகவே பேசினார்.

"ஆமாடி, நம்ம மாடி வீட்டுக்குத்தான் வந்தேன்... பார்த்துட்டேன், பார்த்துட்டேன், மூணே பேருதான் இருக்காங்க. அடுத்த மாசமும் நானே வந்து பார்த்துடறேன், நீ ஒண்ணும் இதுக்காகக் கிளம்பி வர வேணாம்."