எடுக்க வேணாம் டாக்டர்

நீடாமங்கலம் எஸ்.டி.டி. பூத்தில் கால்நடை டாக்டர் எல்சி தொண்டை கிழியக் கத்தினாள். லைனில் ஒரே இரைச்சல்.

"கிளமென்ட் சார், உங்க குதிரைக்கு சினைப்பையில கட்டி! சென்னைக்குக் கொண்டுபோய் உடனே எடுத்துடலாமா?"

துபாயிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிக்கிறான்!

"எடுக்கிறதா? வேணவே வேணாம் டாக்டர்! அது பாட்டுக்கு இருக்கட்டும். கிறிஸ்மஸுக்கு நானே வந்து பாத்துக்கறேன்."

லைன் அறுந்தது.

"மனுஷனா இவன்?" என்று பொரிந்தாள் எல்சி.

குதிரையைப் பார்த்துக்கொள்ளும் கண்ணுசாமி கெஞ்சினார். "இன்னொரு தடவை போட்டுப் பேசிப் பாருங்கம்மா."

"அந்த ஆளுகிட்ட இனி என்னங்க பேச்சு? பவுசுக்குக் குதிரை வாங்கத் தெரியுது, வைத்தியம் பாக்க மட்டும் கசக்குதாக்கும்! துபாய் வெயில்ல நெஞ்சுல இருந்த ஈரமும் காஞ்சுபோச்சு."

வலிக்கு ஊசி போட்டதோடு சரி, அவள் மறுபடி போனைத் தொடவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் அவனைக் கரித்துக் கொட்டினாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் கட்டி உள்ளே வெடித்துக் குதிரை செத்துப்போனது. கிளமென்ட் வரும் நாளில், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டுமென்று எல்சி அவன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள்.

டாக்ஸியிலிருந்து குதித்து இறங்கினான் அவன். முகமெல்லாம் சிரிப்பு, கையில் சின்னஞ்சிறு சலங்கை.

"துபாய்லேருந்து வாங்கிட்டு வந்தேன் டாக்டர்! கழுத்துக்குச் சரியா இருக்குமா பாருங்க. அன்னைக்குப் போன்ல சினைன்னீங்க, குட்டின்னீங்க... அதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. குட்டி போட்டாச்சா?"