சிக்கனச் சிகாமணி

ராஜகீழ்ப்பாக்கம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எலியேசர் எழுந்து நின்றாலே பாதிப் பேர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள்.

"ஃப்ரிட்ஜைச் சுவத்தோட ஒட்டி வைக்காதீங்க. டிவியை ரிமோட்ல ஆஃப் பண்ணா போதாது, சுவிட்சையும் அணைக்கணும். துணியை எல்லாம் சேர்த்து வெச்சு ஒரே நாள்ல அயர்ன் பண்ணுங்க. கரண்ட் பில் தானா இறங்கும். என் வீட்டு பில்லைப் பாருங்க!"

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இதுதான் முழுநேர வேலை. பில்லும் உண்மையிலேயே குறைவுதான். பல தடவை இலவச யூனிட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். உடனே அதைப் படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே ஒரு வரி எழுதுவார்: 'மூளை இருந்தால் போதும்.'

அந்த மூளை எதிர்வீட்டு ஜாபருக்குச் சுத்தமாகக் கிடையாது என்பது அவருடைய தீர்மானம். ஜாபர் தாம்பரத்தில் செருப்புக்கடை வைத்திருப்பவர். மகள் தபஸ்ஸும் பிரசவத்துக்கு வந்ததிலிருந்து, கைக்குழந்தைக்கு வேர்க்குரு வந்துவிடக் கூடாது என்று அந்த வீட்டில் இரவு பகலாக ஏசி ஓடியது.

ஒருநாள் வாசலில் வைத்து எலியேசர் அவரை மடக்கினார்.

"என்ன ஜாபர், பில் எகிறுமே?"

"இல்ல சார், கம்மியாத்தான் வருது." ஜாபர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டார்.

எலியேசருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"நாள் முழுக்க ஏசி ஓட்டுறவனுக்குக் கம்மியா வருதாம்! கொக்கி போட்டுத் திருடுறான், வேற என்ன? படிக்காதவனுக்குக் குறுக்கு வழிதானே தெரியும்? கரண்ட் ஆபீஸ் பறக்கும் படைக்குப் போன் போடப்போறேன்."

அவர் மனைவி ரத்தினபாய் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள், கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அடுத்தவங்க வீட்டு விஷயம் நமக்கு எதுக்குங்க? பச்சைப் புள்ள இருக்கிற வீடு. கரண்ட் ஆபீஸ்காரங்களைத் தெருவுக்குள்ள கூப்பிடாதீங்க."

"உனக்கு இளகின மனசு. அதனாலதான் நாட்டுல திருடன் பெருகுறான்."

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. புகார் கொடுத்தவர் பெயரை ரகசியமாக வைத்திருப்போம் என்று அதிகாரிகள் சொல்லியும், எலியேசர் கைகளைக் கட்டிக்கொண்டு ஜாபர் வீட்டு கேட்டிலேயே நின்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தபஸ்ஸும் அழுதாள்.

உதவிப் பொறியாளர் மோகன்ராஜ் மீட்டரைப் பார்த்தார், ஏணி போட்டுக் கம்பத்தையும் பார்த்தார். இறங்கி வந்தபோது அவர் முகத்தில் எரிச்சல்.

"எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. இந்தத் தெருவுலேயே அதிகமா பில் கட்டுறது இவர்தான்."

"அப்புறம் ஏன்யா கம்மின்னு சொன்னே?" என்று எலியேசர் ஜாபர் மேல் பாய்ந்தார்.

"அதிகம்னு சொன்னா நீங்க உட்கார வெச்சு கிளாஸ் எடுப்பீங்களே சார்! கடை திறக்க நேரமாச்சு."

தெரு சிரித்தது. எலியேசரின் காது சிவந்தது. இப்படியே வீட்டுக்குள் போனால் அடுத்த கூட்டத்தில் யார் மதிப்பார்கள்?

"சிரிங்க, சிரிங்க. சார், வந்ததுதான் வந்தீங்க, என் வீட்டு மீட்டரையும் பார்த்துட்டுப் போங்க. சிக்கனம்னா என்னன்னு இவங்களுக்கும் தெரியட்டும்."

"டீ மட்டும் சாப்பிட்டுப் போகட்டுமே" என்று ரத்தினபாய் குறுக்கே வந்து நின்றாள். எலியேசர் அவளை விலக்கிவிட்டு மோகன்ராஜை உள்ளே அழைத்துப்போனார்.

மோகன்ராஜ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், குளியலறையில் கீஸர். பின்பக்கம் தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. மீட்டர் முன்னால் போய்க் குனிந்து பார்த்தார்.

"மோட்டார் ஓடுது. மீட்டர்ல சிவப்பு விளக்கு மினுங்கவே இல்லையே சார்?"

"அதான் சார் சிக்கனம்!"

மோகன்ராஜ் கூட வந்த ஊழியரைக் கூப்பிட்டார். மீட்டர் பலகையைக் கழற்றச் சொன்னார். மீட்டரைத் தொடாமலே ஒரு தடித்த வயர் சுவருக்குள் இறங்கி வீட்டுக்குள் போயிருந்தது.

"இணைப்பு யார் பேர்ல?"

"எ... என் பேர்லதான். ஆனா சத்தியமா எனக்கு ஃபியூஸ் போடக்கூடத் தெரியாது சார்! யாரோ சதி பண்ணியிருக்காங்க. இந்த ஜாபர்தான்..."

"இவரை விடுங்க சார்" என்றாள் ரத்தினபாய். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக மோகன்ராஜைப் பார்த்தாள்.

"பம்மல்ல இருந்து ஆள் வரவழைச்சு நான்தான் சார் இழுத்தேன். பில் பத்து ரூபா ஏறினாலும் இவர் ரெண்டு மாசம் பேசுவார். பேச்சைக் குறைக்க வேற வழி தெரியலை, பில்லைக் குறைச்சேன்."